இரட்டை வாழைப்பழம்

சென்ற ஆவணியில் குரோம்பேட்டையில் ஒரு கல்யாணம். பெண் வீட்டார் நமக்கு வேண்டியவர்கள். ஆகையால் முகூர்த்தத்திற்கும் போனோம், பந்தியிலும் உட்கார்ந்தோம். எதிர்ப் பந்தியில் கல்யாணமாகி ஆறு மாதங்கூட ஆகாத ஒரு பெண் அமர்ந்திருந்தாள். பரிமாறுகிறவர் அவளுடைய இலையோரத்தில் வைத்துவிட்டுப் போன வாழைப்பழம் ஒரே தோலுக்குள் இரண்டாக ஒட்டியிருந்தது. அதைக் கண்ட பெண் குதூகலத்துடன் கையில் எடுத்தாள். எடுத்ததுதான் தாமதம், பக்கத்திலிருந்த அவளுடைய பெரியம்மா, "அடி, கீழே வை அதை! இரட்டைப் பழம் தின்றால் இரட்டைப் பிள்ளை பிறக்கும். இந்தக் காலத்தில் ஒன்றை வளர்க்கிறதே பெரும்பாடு" என்று சொல்லிப் பிடுங்கி அப்பால் வைத்துவிட்டார்.

அப்பால் வைத்த பழம் அங்கே அரை நிமிஷங்கூடத் தங்கவில்லை. இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்தவர், சேலையூரில் நம் தெருக்கோடி வீட்டு அம்மாள். "உங்களுக்கு வேண்டாமென்றால் இப்படிக் கொடுங்கள்" என்று கைநீட்டி வாங்கி, அதைத் தம் கைப்பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டார். அந்த அம்மாளின் மகளுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகிறது. இன்னும் குழந்தை இல்லை.

ஒரே பழம்; ஒரு குடும்பத்திற்குப் பயம், இன்னொரு குடும்பத்திற்கு ஆசை. பாவம், அந்தப் பழத்திற்கு இரண்டும் தெரியாது. வாழைப் பூவிலே பக்கத்துப் பக்கத்திலிருந்த இரண்டு பிஞ்சுகள் ஒட்டிக்கொண்டு வளர்ந்தன. அவ்வளவே அதன் வரலாறு. தின்றவருடைய வயிற்றிலே அது இரைப்பைக்குப் போகுமேயன்றிக் கருப்பைக்குப் போக வழியில்லை. ஆயினும், படித்தவர்களும் பட்டணத்துக்காரர்களும் நிறைந்திருந்த அந்தப் பந்தியில், பெரியம்மாவின் வாக்கை மறுத்து ஒருவராவது வாய் திறக்கவில்லை. நாமும் திறக்கவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். கல்யாண வீட்டில் சாஸ்திர விவாதம் செய்கிறவனுக்கு இரண்டாம் தடவை ரசம் வராது என்பது நம் அனுபவம்.

மறுநாள் காலையில் தெருக்கோடி அம்மாள் நம் வீட்டிற்கே வந்தார். வந்த காரியத்தைப் பின்னால் சொல்கிறோம். அது விளங்குவதற்கு முன், இரட்டைக் குழந்தைகள் எப்படி உண்டாகின்றன, எத்தனை பிரசவத்துக்கு ஒன்று அப்படி நேர்கிறது என்பனவற்றைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகாரத்தால் இரட்டைப் பிள்ளை என்ற எண்ணம் நம் பெரியம்மாமார் கண்டுபிடித்ததன்று. இராமாயணத்திலேயே அதற்கு ஆதாரம் காட்டலாம். புத்திரகாமேஷ்டி யாகத்தில் கிடைத்த பாயசத்தைத் தசரதர் பங்கிட்டபோது சுமித்திரைக்கு மட்டும் இரண்டு தடவை பங்கு கிடைத்தது; ஆகவே அவள் வயிற்றில் இலட்சுமணனும் சத்துருக்கனனும் இரட்டையராகப் பிறந்தார்கள். பாரதம் வேறொரு காரணம் சொல்கிறது. மாத்ரி வேண்டி அழைத்த அசுவினி தேவர்களே இரட்டையர். ஆகையால் நகுலனும் சகாதேவனும் இரட்டையராயினர். அதாவது தகப்பன் வழி. இவ்விரண்டு காரணங்களில் ஒன்றையும் வைத்திய சாஸ்திரம் ஏற்றுக்கொள்ளவில்லை. தகப்பன் வழிக்குப் பதிலாக அது தாய் வழியைச் சொல்கிறது. இதில் இன்னொரு வேடிக்கை: இரட்டைப் பையன்கள் பிறந்தால் நம்மவர்கள் ராமன், இலட்சுமணன் என்றுதான் பெயர் வைக்கிறார்கள். காவியத்தின்படி பார்த்தால் இலட்சுமணன், சத்துருக்கனன் என்றல்லவா வைக்க வேண்டும்? சத்துருக்கனனைக் கேட்பார் இல்லை.

நிற்க. இரட்டையரில் இரண்டு ஜாதி உண்டு. வழக்கமாக ஒரு ஸ்திரீக்கு மாதம் ஒரு கருமுட்டை முதிர்ந்து வெளிப்படுகிறது. ஏதோ ஒரு மாதம் இரண்டு முட்டைகள் சேர்ந்து வெளிப்பட்டு, இரண்டும் தனித்தனியே கருவானால், பிறக்கும் குழந்தைகள் ஒரே சமயத்தில் ஒரே வீட்டில் குடியிருந்த அண்ணன் தம்பிகளேயன்றி வேறல்ல. முன்னும் பின்னுமாகப் பிறக்கும் உடன்பிறப்புக்களுக்குள் எவ்வளவு ஒற்றுமையோ அவ்வளவுதான் இவர்களுக்குள்ளும் இருக்கும். ஒன்று ஆணாகவும் ஒன்று பெண்ணாகவும் இருக்கலாம். ஒன்று சிவப்பாகவும் ஒன்று கறுப்பாகவும் இருக்கலாம்.

மற்றொரு ஜாதியின் கதை வேறு. முட்டை ஒன்றுதான், கருவானதும் ஒன்றுதான். கருவான பிறகு, முதல் இரண்டு வாரத்திற்குள், அது இரண்டாகப் பிளந்துகொள்கிறது. அச்சில் வார்த்ததுபோல் ஒரே சாயலில் இருப்பவர்கள் இவர்களே. இருவரும் ஆணாயிருப்பார்கள், அல்லது இருவரும் பெண்ணாயிருப்பார்கள். பிளவு எவ்வளவு சீக்கிரம் நேர்கிறதோ அவ்வளவு நல்லது. முதல் மூன்று தினங்களில் நேர்ந்தால் இரண்டு குழந்தைகளுக்கும் நஞ்சுக்கொடி வேறு, பனிக்குடம் வேறு. சற்றுத் தாமதமானால் நஞ்சு ஒன்றாகிறது. இன்னும் தாமதமானால் பனிக்குடமும் ஒன்றாகிறது. பதின்மூன்று நாள் சென்று பிளந்தால் முழுதும் பிரியாமல் உடல் ஒட்டியே பிறக்கின்றன. 1811இல் சயாம் தேசத்தில் பிறந்து, உலகமெல்லாம் சுற்றி, 1874இல் சில மணி நேர இடைவெளியில் இறந்த சாங், எங் சகோதரர்கள் அப்படிப்பட்டவர்கள். ஒரே முட்டை இரண்டோடு நிற்காமல் மேலும் பிளப்பதும் உண்டு. 1934ஆம் வருஷம் மே மாதம் 28ஆம் தேதி கனடா தேசத்து ஆண்டாரியோவில் ஒரே பிரசவத்தில் பிறந்த டியோன் சகோதரிகள் ஐவரும் ஒரு முட்டையின் பிள்ளைகளே. ஒரே சூலில் ஐந்து பிறந்து, ஐந்தும் பிழைத்து வளர்ந்ததாக உலகம் அறிந்த முதல் குடும்பம் அது. அந்த ஐந்து குழந்தைகளையும் அம்மாகாண அரசாங்கம் பெற்றோரிடமிருந்து பிரித்து, கண்காட்சிச் சாலையில் வைப்பதுபோல் வைத்து, லட்சக்கணக்கான ஜனங்கள் வேடிக்கை பார்க்க விட்டது. 1998இல்தான் எஞ்சியிருந்த சகோதரிகளுக்கு நஷ்ட ஈடு கிடைத்தது. "ஒரே பிரசவத்தில் நாலு குழந்தை" என்று பத்திரிகையில் படம் கண்டவுடன் வியந்து கைகொட்டுகிற நாம், இதையும் ஒரு கணம் நினைத்துக்கொண்டால் நல்லது.

இப்போது கணக்கிற்கு வருவோம். உபாத்தியாயருக்குக் கணக்கைக் கண்டால் ஒரு சபலம். நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1895இல் ஹெல்லின் என்பவர் ஒரு வாய்பாட்டை வெளியிட்டார். ஏறக்குறைய 89 பிரசவங்களுக்கு ஒன்றில் இரட்டை பிறக்கிறதென்று வைத்துக்கொண்டால், மூன்று பிறப்பது 89ஐ 89ஆல் பெருக்கி வரும் 7,921க்கு ஒன்று. நான்கு பிறப்பது மறுபடி 89ஆல் பெருக்கி வரும் 7,04,969க்கு ஒன்று. ஐந்தென்றால் ஆறு கோடியைத் தாண்டிப் போய்விடுகிறது. இது கணிதத்தின் கட்டளையன்று, உத்தேசக் கணக்கே. ஆயினும், வைத்தியர் கை வைப்பதற்கு முந்திய காலத்தில் பல தேசங்களுக்கும் இது ஓரளவு பொருந்தி வந்தது.

இதைவிட அழகான கணக்கு வெயின்பெர்க் என்ற ஜெர்மானிய வைத்தியருடையது. இரட்டையரில் எத்தனை பேர் ஒற்றை முட்டைக்காரர், எத்தனை பேர் இரட்டை முட்டைக்காரர் என்று, ஒரு குழந்தையையும் தொட்டுப் பாராமலே அவர் 1901இல் கண்டுபிடித்துவிட்டார். எப்படி? ஆணும் பெண்ணுமாகப் பிறந்த ஜோடிகள் யாவும் இரட்டை முட்டை என்பது நிச்சயம். இரட்டை முட்டை ஜோடிகளில் பாதி ஆண்-பெண்ணாகவும், மறு பாதி ஆண்-ஆண் அல்லது பெண்-பெண்ணாகவும் இருக்க வேண்டும். இது இரண்டு காசுகளைச் சுண்டிப் போட்டுப் பார்க்கிற கணக்குத்தான். ஆகவே நூறு ஜோடிகளில் 35 ஜோடி ஆண்-பெண்ணாக இருந்தால், அதை இரட்டித்த 70 ஜோடி இரட்டை முட்டை. பாக்கி 30 ஒற்றை முட்டை. தீர்ந்தது. இதைப் பத்தாம் வகுப்பில் சொன்னபோது, கணக்கென்றாலே கண்ணை மூடிக்கொள்ளும் கடைசி பெஞ்சுப் பையன்கூட நிமிர்ந்து உட்கார்ந்தான். அவனும் இரட்டையரில் ஒருவன் என்பது ஒரு காரணமாயிருக்கலாம்.

இவ்விதம் தேசந்தோறும் கணக்கெடுத்ததில் ஓர் உண்மை புலப்பட்டது. ஒற்றை முட்டை இரட்டையர் எங்கும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் பிறக்கிறார்கள்: ஆயிரம் பிரசவத்துக்கு மூன்று அல்லது நான்கு. வெள்ளையர் தேசம், கறுப்பர் தேசம், பணக்காரி, ஏழை, இளையவள், முதியவள் என்ற பேதம் அதற்கு இல்லை. முட்டை ஏன் பிளக்கிறதென்பது இன்றளவும் இயற்கை வெளிவிடாத இரகசியம். பேதமெல்லாம் இரட்டை முட்டை விஷயத்தில்தான். மேற்கு ஆப்பிரிக்காவிலே நைஜீரியா தேசத்து யோருபா மக்களிடையே ஆயிரத்துக்கு நாற்பதுக்கு மேல் இரட்டைப் பிரசவம். நம் நாடு அடங்கிய தெற்கு ஆசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும், செயற்கை வைத்தியம் பெருகுமுன், ஆயிரத்துக்கு ஒன்பதுக்கும் குறைவு.

இரட்டை முட்டைக்குக் காரணங்கள் இன்னவென்பது பெரும்பாலும் தெரிந்ததே. முதலாவது வயது. முப்பதைத் தாண்டி நாற்பதை நெருங்கும் தாய்மாருக்கு, முட்டையை முதிரச் செய்கிற சுரப்பு நீர் அதிகமாகச் சுரக்கிறது. அதனால் ஒன்றுக்கு இரண்டாக முதிர்ந்துவிடுகிறது. அறிவாளிகள் இதை இப்படியும் சொல்வதுண்டு: கடை மூடுகிற நேரத்தில் வியாபாரி கொசுறு போடுவதைப் போல. ஏற்கெனவே சில பிள்ளைகள் பெற்றவளுக்கும், உயரமும் பருமனும் உள்ளவளுக்கும் வாய்ப்புச் சற்று அதிகம். அடுத்தது வமிசம். தாயோ, தாயின் சகோதரிகளோ இரட்டை பெற்றிருந்தால் மகளுக்கும் அந்த வாய்ப்புக் கூடுகிறது. கணவன் வீட்டில் எத்தனை இரட்டையர் இருந்தாலும் மனைவியின் வயிற்றுக்கு அதனால் ஏற்றமுமில்லை, தாழ்வுமில்லை, முட்டை அவளுடையதல்லவா? ஆனால் அந்தக் கணவன் தன் மகளுக்கு அந்தச் சுபாவத்தைக் கடத்தக்கூடும். ஆகவே பேத்தி இரட்டை பெற்றால் தாத்தா மார்தட்டிக்கொள்ளட்டும், ஆட்சேபமில்லை. 2016இல் இதற்குரிய இரண்டு மரபணுக்களை ஆராய்ச்சியாளர்கள் அடையாளம் கண்டு வெளியிட்டார்கள்.

தெரியாதது ஒன்றும் மிஞ்சியிருக்கிறது. கேரளத்தில் மலப்புறம் ஜில்லாவில் கொடிஞ்ஞி என்று ஒரு சிற்றூர். சுமார் இரண்டாயிரம் குடும்பங்கள் உள்ள அவ்வூரில் இருநூறு ஜோடிக்கு மேல் இரட்டையர்! பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கிற நம் சகோதர உபாத்தியாயர்களின் அவஸ்தையை எண்ணிப் பாருங்கள். 2008இல் ஊரார் இரட்டையருக்கென்று ஒரு சங்கமே அமைத்துக்கொண்டார்கள். நைஜீரியாவில் இக்போ-ஓரா என்ற ஊரும் இப்படிப்பட்டதுதான். அவ்வூரார் தாங்கள் உண்ணும் கிழங்கும் ஒருவகைக் கீரைக் குழம்புமே காரணம் என்கிறார்கள். கொடிஞ்ஞியிலே தண்ணீரைச் சொல்கிறவர் உண்டு. எதுவும் நிரூபணமாகவில்லை. நம் ஊர் வாழைப்பழம், அவர்கள் ஊர்க் கிழங்கு. ஜனங்களின் மனம் எங்கும் ஒரே மாதிரிதான் போகிறது.

நம் தாம்பரத்துப் பக்கத்திற்கும் இந்த விஷயத்துக்கும் வேறொரு சம்பந்தம் உண்டு. தரமணியில் சென்னைச் சர்வகலாசாலையின் வளாகத்தில் டாக்டர் ஏ. எல். முதலியார் பெயரால் ஒரு வைத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ரயிலிலும் பஸ்ஸிலும் அவ்வழியே போகிற ஆயிரக்கணக்கான பேரில், அந்தப் பெயருக்குரியவர் யார் என்று அறிந்தவர் சிலரே. ஆர்க்காடு லட்சுமணசாமி முதலியாரும் அவருடைய தமையனார் ராமசாமி முதலியாரும் 1887ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 14ஆம் தேதி கர்நூலில் பிறந்த இரட்டையர்கள். (பெயர் விஷயத்தில் அவர்கள் பெற்றோரும் சத்துருக்கனனை மறந்துவிட்டார்கள்.) இருவரும் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிலே பயின்றவர்கள், 1937இல் தாம்பரத்துக் காட்டுக்குக் குடிபெயர்ந்து வந்ததே, அந்தக் கலாசாலைதான். அவர்கள் படித்த நாளில் அது ஜார்ஜ் டவுனில் இருந்தது. தமையனார் சட்டம் படித்து, 1946இல் ஐக்கிய நாடுகளின் பொருளாதார சமூக சபைக்கு முதல் தலைவராகி, மைசூர்த் திவானாகவும் இருந்தார். தம்பி வைத்தியம் படித்து, சென்னை வைத்தியக் கலாசாலையின் முதல் இந்திய முதல்வராகி, 1942 முதல் 1969 வரை இருபத்தேழு வருஷம் சென்னைச் சர்வகலாசாலையின் துணைவேந்தராக வீற்றிருந்தார். 1961இல் புதுடில்லியில் கூடிய உலக சுகாதார மகாசபைக்கும் அவரே தலைவர். நம்மைப் போன்ற உபாத்தியாயர்களுக்கு 1952-53இல் நடந்த உயர்நிலைக் கல்விக் கமிஷன் மூலமாக அவரைத் தெரியும். பயிற்சிக் கல்லூரியில் அந்த அறிக்கையை உருப்போட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

நாம் சொல்ல வந்தது இதுவன்று. அந்த லட்சுமணசாமி முதலியார் எந்த வைத்தியத்தில் பேர் பெற்றவர் தெரியுமா? பிரசவ வைத்தியத்தில்! தாமே இரட்டையராகப் பிறந்த ஒருவர், பிரசவத்தைப் பற்றி இந்தியாவின் மாணவர்களுக்கென்று ஒரு பெரிய நூல் எழுதினார். பின்னால் மேனன் என்பவரும் சேர்ந்து திருத்திய அந்நூல் இன்றும் புதுப் புதுப் பதிப்பாக வந்துகொண்டிருக்கிறது. 1887இலே, ஸ்கேனும் இல்லாத, ஆயுதம் போட்டுப் பிரசவம் பார்ப்பதே அபூர்வமான காலத்திலே, ஒரே சூலில் வந்த இரண்டு ஆண் குழந்தைகளும் தப்பிப் பிழைத்து எண்பத்தைந்து வயதைத் தாண்டினார்கள் என்றால், அது அந்தத் தாயின் பாக்கியமேயன்றி வேறில்லை. அக்காலத்தில் அப்படிப் பிழைக்காத இரட்டையர் எத்தனை எத்தனை பேர்! அவர்களுக்குத் துணைவேந்தர் நாற்காலியும் இல்லை, தரமணியில் பெயர்ப்பலகையும் இல்லை.

இனி இக்கால நிலைமை. நாம் உபாத்தியாயராக வந்து இருபது வருஷத்திற்கு மேலாகிறது. முதல் சில வருஷங்களில் பள்ளிக்கூடம் முழுவதிலும் ஒரு ஜோடி இரட்டையர் இருந்தால் அது பெரிய செய்தி. இந்த வருஷம் ஆறாம் வகுப்பில் மட்டும் மூன்று ஜோடி. நம் பள்ளியை மட்டும் வைத்து முடிவு கட்டலாகாதுதான். ஆனால் உலகத்தின் கணக்கும் அதையே சொல்கிறது. 1980களின் தொடக்கத்தில் உலகில் ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்பதாக இருந்த இரட்டைப் பிரசவம் 2010களில் பன்னிரண்டாகிவிட்டதென்றும், வருஷந்தோறும் 16 லட்சம் ஜோடிகள் பிறப்பதாகவும், பிறக்கும் குழந்தைகளில் 42க்கு ஒன்று இரட்டையரில் ஒருவரென்றும் 2021இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறிற்று. காரணம் இரண்டு. ஸ்திரீகள் படித்து, உத்தியோகம் பார்த்து, வயது சென்று பிள்ளை பெறுகிறார்கள், இது ஒன்று. மற்றொன்று, பிள்ளைக்கான வைத்தியம். பல்லாவரத்தில் ஏறித் தாம்பரத்தில் இறங்குவதற்குள் சாலையின் இரு மருங்கிலும் கொழுகொழுவென்று குழந்தைப் படம் போட்ட எத்தனை விளம்பரப் பலகைகள் தென்படுகின்றன என்று எண்ணிப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

இந்த வைத்தியத்தில் நம் தேசத்தார் பின்தங்கியவர்களல்லர். இங்கிலாந்தில் 1978ஆம் வருஷம் ஜூலை மாதம் 25ஆம் தேதி உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. இரண்டரை மாதத்திற்குள், அக்டோபர் 3ஆம் தேதி, கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜி அதே அற்புதத்தைச் செய்துகாட்டினார். அவரைப் பாராட்ட வேண்டியவர்கள் நம்ப மறுத்து அவமானப்படுத்தினார்கள். 1981இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வெள்ளைக்காரன் செய்தால் விஞ்ஞானம், நம்மவன் செய்தால் புரட்டு என்கிற மனப்பான்மை சுதந்தரம் வந்து முப்பது வருஷத்துக்குப் பிறகும் நம்மை விடவில்லை. தென்னாட்டின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையைச் சென்னையில் 1990இல் பிறக்கச் செய்தவர் டாக்டர் கமலா செல்வராஜ். அவர் ஜெமினி கணேசனுடைய மகள். ஜெமினி என்ற இலத்தீன் சொல்லுக்கு இரட்டையர் என்று பொருள். ஊதுகுழல் பிடித்த இரண்டு குழந்தைகளைத்தானே அந்த ஸ்டூடியோக்காரர்கள் முத்திரையாக வைத்திருந்தார்கள்?

முட்டை முதிர்வதற்காகக் கொடுக்கும் மாத்திரைகளால் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துக் கர்ப்பங்கள் இரட்டையாகின்றன. ஊசி மருந்தால் இன்னும் அதிகம். சோதனைக் குழாய் முறையிலோ, எத்தனை கருவைக் கருப்பைக்குள் வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டு வைத்தால் இரண்டும் தங்கலாம். இங்கேதான் தெருக்கோடி அம்மாள் வந்த காரியத்திற்கு வருகிறோம்.

அம்மாள் தனியாக வரவில்லை. மகளையும் அழைத்து வந்திருந்தார். கையில் ஓர் எவர்சில்வர் டப்பா. "சார், நீங்கள் படித்தவர்; இவளுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள். வியாழக்கிழமை கரு வைக்கப் போகிறார்கள். அந்த டாக்டரம்மா ஒன்றுதான் வைப்பேன் என்கிறாராம். இவளும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாள். இரண்டாக வைத்தால் ஒரே செலவில் ஆண் ஒன்று, பெண் ஒன்று என்று முடிந்துவிடாதா? இனிமேல் இன்னொரு தடவை லட்சக்கணக்கில் செலவு செய்ய நம்மால் ஆகுமா?" என்றார்.

அந்த அம்மாள் சொன்னதைக் கேட்டு நாம் நகைக்கவில்லை. எட்டு வருஷமாகச் சீமந்தங்களுக்கு அழைக்கப்படாமலும், அழைத்த இடத்தில் ஓரமாக நிற்க வைக்கப்பட்டும் நொந்துபோன குடும்பம் அது. நகையில் பாதி அடகுக் கடையில் இருப்பதும் நமக்குத் தெரியும். ஒரே அடியில் இரண்டு என்ற ஆசை அங்கே பிறக்காமல் வேறெங்கே பிறக்கும்?

ஆனால் இரட்டைக் கர்ப்பம் என்பது இரட்டிப்புச் சந்தோஷம் மட்டுமன்று. இரட்டிப்புக்கு மேற்பட்ட ஆபத்தும் ஆகும். கருப்பை ஒரு குழந்தைக்கென்று அமைந்த வீடு. இரட்டையரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் 37 வாரம் நிறைவதற்குள் பிறந்துவிடுகிறார்கள். நிறையாத குழந்தைக்கு எடை குறைவு, சுவாசப்பை முதிர்ந்திராது, கண்ணாடிப் பெட்டிக்குள் வாரக்கணக்கில் வைத்துக் காப்பாற்ற வேண்டியிருக்கும். ஒரே செலவு என்று நினைத்தது அங்கே நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஓட ஆரம்பிக்கிறது. தாய்க்கோ, இரத்த சோகை, இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, பிரசவத்தின்பின் மிகையான உதிரப்போக்கு யாவும் ஒற்றைக் கர்ப்பத்தைவிட அதிகம். இரண்டு கரு தங்கி, ஒன்று சில வாரத்தில் கரைந்து மறைந்துவிடுவதும் உண்டு. அது இயற்கை; ஆனால் "நீ மாடிப்படி ஏறினாய், நீ கண்ணேறுக்கு இடங்கொடுத்தாய்" என்று பெண்ணைப் பழிக்கிற வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம்.

இவற்றையெல்லாம் நமக்குத் தெரிந்த மட்டில் சொன்னோம். டாக்டரம்மா ஒன்றென்று சொன்னது கஞ்சத்தனத்தால் அன்று. இன்னொரு கருவை எறிந்துவிடவும் மாட்டார்கள். அதை உறைய வைத்துப் பத்திரப்படுத்தி, வேண்டும்போது பிறகு வைக்கலாம். ஒவ்வொன்றாக வைப்பதால் கடைசியில் பிள்ளை கிடைக்கும் வாய்ப்பு அதிகம் குறைந்துவிடுவதில்லை என்று அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். வயது சென்றவர்களுக்கும், முன்னே பலமுறை தவறிப்போனவர்களுக்கும் வேறு யோசனை சொல்லக்கூடும். அதை உடம்பைப் பார்த்த வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும், தெருக்கோடியும் பள்ளிக்கூடமும் அல்ல.

"ஆணும் பெண்ணுமாக என்று கேட்டதற்கு ஒன்றும் சொல்லவில்லையே?" என்றார் அம்மாள். அதைச் சொல்லிப் பிள்ளை பெற முடியாது என்றோம். ஸ்கேன் செய்கிறவர் வயிற்றில் எத்தனை குழந்தை என்று சொல்லலாம். என்ன குழந்தை என்று சொல்லலாகாதென்று 1994இலேயே சட்டம் வந்துவிட்டது. 2021இல் பிள்ளை வைத்திய நிலையங்களுக்கென்றே தனிச் சட்டம் ஒன்று நம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. பதிவு பெறாத இடத்துக்குப் போகாதீர்கள் என்றும் எச்சரித்தோம்.

அதுவரை வாய் திறவாதிருந்த மகள் அப்போதுதான் கேட்டாள்: "ஒன்று வைத்தாலும் அது தானாக இரண்டாகப் பிளந்துகொண்டால் என்ன சார் செய்வது?"

நல்ல கேள்வி. அப்படி நேர்வதுண்டு, அபூர்வமாக. இதை இங்கே எழுதுவது அவளுக்காக மட்டுமன்று. வைத்தியம் ஏதுமின்றி இயற்கையாகவே இரட்டை தரித்திருப்பவர்களுக்குமாகத்தான். பதினொன்று முதல் பதினான்கு வாரத்திற்குள் ஸ்கேன் செய்து, குழந்தை இரண்டா என்பதோடு நில்லாமல், நஞ்சு ஒன்றா, இரண்டா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பிற்பாடு பார்த்தால் இது திட்டமாகத் தெரிவதில்லை. நஞ்சு ஒன்றாயிருந்தால் ஒரு குழந்தையின் இரத்தம் மற்றதற்கு அதிகமாகப் போய்விடுகிற அபாயம் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு ஏற்படுகிறது. அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரியையே பிரசவத்திற்குத் தேர்ந்துகொள்ள வேண்டும். அதை ஒன்பதாம் மாதத்தில் தேடக்கூடாது; இரட்டையர் ஒன்பதாம் மாதம் வரை காத்திருப்பார்கள் என்று யார் கண்டது?

மகள் இவற்றைத் தன் கைத்தொலைபேசியில் குறித்துக்கொண்டாள். அம்மாள் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு டப்பாவைத் திறந்தார். உள்ளே முந்தின நாள் இரட்டைப் பழம், அங்கங்கே கறுத்துப் போயிருந்தது. "அப்படியானால் இதை என்ன செய்வது, சார்?" என்று கேட்டார். நாம் அதை வாங்கித் தோலை உரித்து, இரண்டாகப் பிரித்து, ஒன்றை மகளிடம் கொடுத்தோம். மற்றதை நாமே தின்றுவிட்டோம். சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நம் சகதர்மிணி, "பார்த்து, உங்களுக்கு ஏதாவது ஆகிவிடப் போகிறது" என்றாள். எட்டு வருஷத்தில் அந்தப் பெண் சிரித்து நாம் கேட்டது அதுதான் முதல் தடவை.